புகைவாயில் பூத்த செம்பு

"எனக்கு அழுகையே வரலை, அம்மா" என்றார் தில்லைநாயகம். "இங்க வர்றவங்க அதை ஞானம்னு சொல்றாங்க. ஞானம்தானா?"

தவமணி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

அவரைவிட அவள் வயதில் இளையவள். எரிமலையின் தோளில், கந்தக வாடை ஓயாத குடிசை ஒன்றில் நெடுங்காலமாகத் தனியாக இருந்தாள். அவளை அவர் குரு என்றுதான் நினைத்தார். அவள் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

தில்லைநாயகத்தின் ஒரே மகன் கதிரேசன். மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. காரியம் முடிந்த கையோடு அவர் மலையேறிவிட்டார். மனைவி உலகம்மாள் துறைமுகத்து வீட்டிலேயே தங்கிவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலங்கள் போய்விட்டன. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

தவமணி எழுந்து நடந்தாள். அவர் பின்னால் போனார்.

மேலே ஓரிடத்தில் பாறை பிளந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. செருப்பைத் தாண்டிச் சூடு ஏறியது. பிளவின் உதட்டில், மெல்லிய கண்ணாடிச் சில்லுகளைப் போல, வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"என்னது இது?"

"செம்பு."

அவர் நம்பவில்லை. செம்பு சிவப்பாக அல்லவா இருக்கும் என்றார்.

மலையின் அடிவயிற்றில் இருக்கும் செம்பு, சுடுபுகையோடு ஏறிவந்து, கந்தகத்தோடு சேர்ந்து இங்கே இப்படிப் படிகிறது என்றாள் அவள். சூடு குறையாத இடத்தில் மட்டும்தான் இருக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் கரைந்து போய்விடும். அதனால் இதைக் கண்ணால் கண்டவர்கள் மிகக் குறைவு. நாக்கில் மட்டும் வைத்துவிடக் கூடாது, விஷம்.

கத்தி முனையால் ஒரு சில்லைப் பெயர்த்து, சிமிழில் போட்டு, இறுக மூடி அவரிடம் நீட்டினாள்.

"உலகம்மாளிடம் காட்டிட்டு வாங்க."

"அவளுக்கு எதுக்கு இது?"

"காட்டிட்டு வாங்க."

அவர் இறங்கினார்.

வீட்டை அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. உலகம்மாள் அவரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் வழிவிட்டாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

அவர் சிமிழைத் திறந்து, சில்லை ஒரு தட்டில் கவிழ்த்து, ஜன்னலோரம் வைத்தார். செம்பு என்று குரு சொன்னதாகச் சொன்னார். அவள் குனிந்து பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்றாள்.

பிறகு இருவரும் தட்டுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். மேலே குளிருமா என்று அவள் விசாரித்தாள். கூரை ஒழுகுகிறதா என்று அவர் விசாரித்தார். கடற்காற்று ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

இருட்டும் வேளையில் அவர் எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தொட்டார்.

"அதைப் போட வேண்டாம்" என்றாள் உலகம்மாள். "நான் போடறதில்லை."

"ஏன்?"

"அவன் வந்தாலும் சரி, நீங்க வந்தாலும் சரி, தட்டிட்டு நிக்கக் கூடாதுன்னு."

தில்லைநாயகம் தாழ்ப்பாளைப் பிடித்தபடியே நின்றார். பிறகு அப்படியே கதவோரம் உட்கார்ந்துவிட்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. உலகம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

காலையில் தட்டைப் பார்த்தார். அதில் இருந்த சில்லு நீலமாகியிருந்தது.

அவர் பதறிப்போனார். அதைச் சிமிழில் எடுத்துப் போட்டு, போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மறுபடி மலையேறினார்.

"கெடுத்துட்டேன், அம்மா" என்று சிமிழைத் திறந்து காட்டினார்.

தவமணி வெகுநேரம் அந்த நீலத்தைப் பார்த்தாள். காற்றில் இருந்த ஈரத்தைக் குடித்திருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றாள். பிறகு அதைக் கொண்டுபோய்ப் பிளவின் ஓரத்தில், சூடான பாறைமேல் வைத்தாள்.

இருவரும் காத்திருந்தார்கள். நீலம் மெல்ல வெளிறியது. கடைசியில் வெள்ளையாகிவிட்டது.

அவருக்குப் போன உயிர் வந்தது. "பழையபடி ஆயிடுச்சு."

"எடுங்க."

அவர் விரல் பட்டதும் அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடியிலிருந்து வந்த ஆவி அந்தப் பொடியையும் கிளப்பிக்கொண்டு போனது.

தில்லைநாயகம் வெறும் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடிசைக்குப் போய்த் தன் துணிமூட்டையை எடுத்துக்கொண்டார். அவளை வணங்கினார். போய்வரவா என்று கேட்கவில்லை. அவளும் தடுக்கவில்லை.

கொஞ்சதூரம் இறங்கியவருக்கு ஏதோ தோன்றியது. திரும்பிப் பார்த்தார்.

"இவ்வளவு காலம் இங்க இருக்கீங்க. நீங்க ஒரு தடவைகூட இதைக் கீழே கொண்டுபோனதில்லையா, அம்மா?"

தவமணி புகையைப் பார்த்தபடி நின்றாள்.

"யாரிடம் காட்ட?" என்றாள்.