ஒன்றா? மூன்றா?

ஆற்று நடுவே ஒரு மணல்திட்டு. கால் ஒடிந்த முயல்குட்டியும் முள்ளம்பன்றியும் அதில் மாட்டிக்கொண்டன. வெள்ளம் ஏறிக்கொண்டே இருந்தது. முள்ளம்பன்றிக்கு நீந்தத் தெரியும். முயல்குட்டிக்குத் தெரியாது.

"அக்கா, தண்ணி வயித்துக்கு வந்துடுச்சு!"

"அழாதே! மூங்கில் நுனியில் ஏறி உட்கார்!"

கோடையில் குரங்குகள் அந்தத் திட்டில் கொடியால் வளைத்துக் கட்டிவைத்த மூங்கில் அது. கொடியை அறுத்தால் நுனியில் இருப்பது பறக்கும். விளாங்காயை வைத்து அவை விளையாடும்போது முள்ளம்பன்றி நொடிகளை எண்ணியிருக்கிறது. காய் நொடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் மேலே கிளம்பும். எப்போதும் எதிர்க்கரைப் பாறையின் விளிம்பில்தான் வந்து இறங்கும். குட்டியும் ஏறக்குறைய அந்தக் காயின் கனம்தான்.

அந்த விளிம்பு, மூங்கில் நுனியைவிடப் பதினைந்து மீட்டர் உயரம். அங்கே கருங்குரங்கு கையை நீட்டிக் காத்திருந்தது. சாரலில் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. எந்த நொடியில் பிடிப்பது என்று யாராவது சொல்ல வேண்டும். அந்தச் சேதியைக் கொண்டுபோகக் காகம் ஒன்று திட்டின்மேல் வட்டமிட்டது. பிடி தவறினால் குட்டி பாறையில் மோதிச் செத்துவிடும்.

முள்ளம்பன்றி தன் முள் ஒன்றைப் பிடுங்கி, மேட்டில் இன்னும் மூழ்காத ஈரமணலில் எழுதியது. நொடிக்கு 'ந' என்று பெயர் வைத்தது. பூமி கீழே இழுப்பதால் ந நொடியில் 5ந² மீட்டர் உயரம் குறையும்.

20ந − 5ந² = 15

எல்லாவற்றையும் ஐந்தால் வகுத்து, ஒரு பக்கமாகத் தள்ளியது.

ந² − 4ந + 3 = 0

"சீக்கிரம்! சீக்கிரம்!" என்று காகம் தலைமேல் கத்தியது.

"(ந − 1)(ந − 3)... ந என்பது ஒன்று..."

"ஒண்ணா! போதும்!" காகம் பறந்தேவிட்டது. முந்திரிக்கொட்டைக்கு முழுசாகக் கேட்க எங்கே பொறுமை?

"நில்! இன்னொரு விடை இருக்கிறது!" ஆற்றின் இரைச்சலில் அந்தக் குரல் அமுங்கிப்போனது.

முள்ளம்பன்றி மணலில் எழுதியதை மறுபடி பார்த்தது. முதல் நொடியில் குட்டி அதே உயரத்தில்தான் இருக்கும். ஆனால் மேலே போய்க்கொண்டு, நடு ஆற்றுக்கு மேலே! குரங்கு பாய்ந்தால் அதுவும் வெள்ளத்தோடு போகும். தண்ணீரோ மூங்கில் நுனியைத் தொட்டுவிட்டது.

"குட்டி, கவனி! ஒன்று எண்ணும் முன்பே 'இப்போ இல்லை' என்று கத்து. மேலே போய்த் திரும்புவாய். மூன்றில் கூப்பிடு. செய்வாயா?"

"பயமா இருக்கு அக்கா... செய்யறேன்!"

முள்ளம்பன்றி கொடியைக் கடித்தது. மூங்கில் படீரென்று நிமிர்ந்தது.

பாறைமேல் காகம், "ஒண்..." என்று வாயைத் திறந்தது. குரங்கு முன்னால் சாய்ந்தது.

"இப்போ இல்லை, மாமா!"

குரங்கு உறைந்து நின்றது. குரல் மேலே போயிற்று. பிறகு சத்தமே இல்லை.

"மாமா! இப்போ!"

குரங்கு இரண்டு கையையும் நீட்டியது. நனைந்த குட்டி நெஞ்சில் வந்து விழுந்தது. இரண்டும் பின்பக்கமாக உருண்டன. குட்டி உயிரோடு இருந்தது!

முள்ளம்பன்றி நீந்திக் கரையேறி வந்தது. காகம் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

"உன் விடை தப்பில்லை," என்றது முள்ளம்பன்றி. "ஆனால் அதை நம்பியிருந்தால் இரண்டு உயிர் போயிருக்கும்."

கணக்குக்குச் சரியான விடை எல்லாமே காரியத்துக்குச் சரியான விடை ஆகிவிடாது. முழுவதும் கேட்டு, எது பொருந்தும் என்று பார்த்த பிறகே பறக்க வேண்டும்.