அரசனைச் செய்த கல்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால், "அட, நம்ம ஊரு மாதிரியே இருக்கே" என்பீர்கள், எனக்கு வீண் வம்பு. அந்த நாட்டு ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. ஏரியைப் பார்த்தபடி ஒரு வசந்த மண்டபம் வேண்டுமாம். மலையிலிருந்து கல் வர நாளாகும் என்றார்கள். "ஏரிக்கரையில் கல் அடுக்கித்தானே கிடக்கிறது, எடுங்கள்" என்றான் ராஜா. எடுத்தார்கள். மண்டபம் எழும்பியது. ஐப்பசி மழையில் கரை உடைந்து கீழத்தெரு தண்ணீரோடு போனது.

செத்தவர்களில் சிலம்பாயியின் மகள் செல்லியும் ஒருத்தி. இன்னும் பல்லாங்குழி ஆடுகிற வயசு. ஊரில் எந்த வீட்டில் இழவு விழுந்தாலும் ஒப்பாரி சொல்ல சிலம்பாயியைத்தான் கூப்பிடுவார்கள். ஊருக்கெல்லாம் அழுதவள் அன்றைக்குத் தன் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"கரைக்கல்லைப் பேத்தெடுத்து மண்டபம் கட்டினாரே,
என் கண்மணியத் தண்ணிக்குக் காணிக்கையாக் கொடுத்தாரே!"

ஒற்றர்கள் இதை ராஜாவின் காதில் போட்டார்கள். ஒப்பாரி பாதியில் நிற்க, சேவகர்கள் அவளை அப்படியே இழுத்துப்போய்ச் சிறையில் தள்ளினார்கள். பெற்றவளின் அழுகை இல்லாமலே அந்தக் குழந்தையைப் புதைத்தார்கள்.

சபையில் தாண்டவப்பன் என்றொரு விகடன் இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைத்துச் சோறு தின்கிறவன். அன்று அவன் சிரிக்க வைக்கவில்லை.

"மகாராஜா, சபை வாசலில் நிற்கும் கல் என்ன சொல்கிறது என்று தங்களுக்கு நினைவிருக்கிறதா?" என்றான்.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆதியில் அந்த நாட்டு ஜனங்கள் ஒன்றுகூடித்தான் ஒருவனை அரசனாக்கினார்கள். கிரீடம் வைப்பதற்கு முன்னால், அவன் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று ஒரு கல்லில் வெட்டி வைத்தார்கள். தினமும் காலையில் ஏகாம்பரம் என்ற கிழவர் அந்தக் கல்லை உரக்கப் படிப்பார். கடைசி வரி முடிந்தால்தான் சபை எழுந்து நிற்கும், ராஜா சிம்மாசனம் ஏறுவான். படித்து முடிக்கும்வரை ராஜாவே வந்தாலும் யாரும் எழ மாட்டார்கள். வழிவழியாக வந்த வழக்கம் அது. தினமும் கேட்டுக் கேட்டு, ராஜாவுக்கு அது கொசு பாடுகிற மாதிரி ஆகிவிட்டிருந்தது.

"இழவு வீட்டில் அழுகிறவர் சொல்லுக்கு அரசனும் தண்டனை தரக்கூடாது, விசாரிக்காமல் எவரையும் சிறை வைக்கக்கூடாது என்று அதில் வெட்டியிருக்கிறது, பிரபு. சிலம்பாயியை விட்டுவிட வேண்டும்" என்றான் தாண்டவப்பன்.

பிரதானி அளகைநாதருக்கு இவனைக் கண்டாலே ஆகாது. இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார்.

"மகாராஜா, தங்கள் கட்டளை பெரிதா, வாசற்கல் பெரிதா? அதைச் சுரண்டிவிட்டால் இந்த வழக்கே இல்லையே!"

"நல்ல யோசனை" என்றான் ராஜா.

"அந்த இரண்டு வரியை மட்டும்தானே, பிரபு?" என்று விகடன் பணிவாகக் கேட்டான்.

பிரதானிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஒரு வரியை விட்டால் அதைப் பிடித்துக்கொண்டு நாளைக்கு இன்னொரு வழக்கோடு வருவான் இவன். முழுக் கல்லும் வழுவழுவென்று ஆக வேண்டும். இவனே சுரண்டட்டும். ஓர் எழுத்து மிஞ்சினாலும் இவன் தலை போகட்டும்!"

"அப்படியே ஆகட்டும். அந்தக் கல்லில் உள்ளது எதுவும் இனிச் செல்லாது" என்றான் ராஜா.

"உத்தரவு" என்றான் தாண்டவப்பன்.

அன்று பொழுது சாயும்வரை உளியும் கையுமாக உட்கார்ந்து சுரண்டினான். வாசலில் வாழையிலை விற்கிறவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் திட்டினாள். "பாவி, நீ நல்லா இருப்பியா? அவ வெளிய வர்றதுக்கு இருந்தது அது ஒண்ணுதானேய்யா!" அவன் சுரண்டிக்கொண்டே இருந்தான். கண்ணில் நீர் வழிந்தது. கல்தூசி என்றான். நான் நம்பவில்லை.

மறுநாள் சபை கூடியது. ஏகாம்பரம் வழக்கம்போல் கல்முன் நின்று வாயைத் திறந்தார். படிக்க ஒன்றுமில்லை. மூடிக்கொண்டார். ராஜா உள்ளே வந்தான். ஒருவரும் எழவில்லை.

"ஏன் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறீர்கள்?"

சிம்மாசனத்தின் கீழ்ப்படியில் பொரி தின்றுகொண்டிருந்த தாண்டவப்பன் நிமிர்ந்து பார்த்தான். "ஐயா யாரு? ஊருக்குப் புதுசா? குறை சொல்லணும்னா அப்படி ஓரமா நில்லுங்க."

"அடே! மகாராஜாவிடமா இந்தப் பேச்சு?" என்று பிரதானி பாய்ந்தார்.

"மகாராஜாவா? யார் சொன்னது? 'இந்தக் குலத்தில் வந்தவனே அரசன், அவன் சொல்லுக்குக் குடிகள் கட்டுப்படுவர்' என்று கல்லின் கடைசியில் ஒரு வரி இருந்தது. நேற்று நான்தான் செதுக்கி எடுத்தேன். ஓர் எழுத்தும் மிஞ்சவில்லை. பிரதானியார் தடவிப் பார்க்கலாம்."

"பிடியுங்கள் இவனை!" என்று கத்தினான் ராஜா.

காவல் தலைவன் ஏகாம்பரத்தைப் பார்த்தான். "பெரியவரே, நீங்க படிச்சாத்தானே இவர் சொல்றத நாங்க கேக்கணும்?"

"படிக்க என்னப்பா இருக்கு?" என்றார் கிழவர்.

வாசலில் நின்ற கீழத்தெருக்காரன் ஒருவன் எட்டிப்பார்த்துக் கேட்டான்: "அப்ப அந்த மண்டபத்துக் கல்ல நாங்க எடுத்துக்கலாமா?"

ராஜாவுக்கு வேர்த்துவிட்டது. "நேற்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். கல்லில் இருந்தது செல்லும்!"

"அதைச் சொல்ல ஐயா யாரு?" என்றான் தாண்டவப்பன். பிறகு குரல் தணிந்தது. "சிலம்பாயியின் வாயைக் காத்த வரியும் தங்களுக்குக் கிரீடம் வைத்த வரியும் ஒரே கல்லில் இருந்தன. ஒன்றை அழித்து மற்றதை வைத்துக்கொள்ள முடியாது. இனி இவர்கள்தான் சொல்ல வேண்டும்."

சபை கீழத்தெருக்காரனைப் பார்த்தது. அவன் தலையைச் சொறிந்தான். "எல்லா வரியும்னா சரி. ஒண்ணு குறைஞ்சாலும் வேண்டாம்."

ராஜா சிரித்தான். வெட்கத்தில் சிரித்தானோ, பயத்தில் சிரித்தானோ, விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "சரி, எல்லா வரியும்" என்றான். ஏகாம்பரம் மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல, முதல் எழுத்திலிருந்து திரும்ப வெட்ட உளி பிரதானியின் கைக்குப் போனது. கடைசி வரியைக் கிழவர் சொன்னதும் சபை எழுந்தது. ராஜா தன் பட்டுச் சால்வையை விகடன் தோளில் போர்த்தி, "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றான்.

"சிலம்பாயி."

கூட்டிவந்தார்கள். கால் வீங்கியிருந்தது. வெளிச்சத்துக்குக் கண் கூசியது.

"அம்மா, நீ வீட்டுக்குப் போகலாம்" என்றான் ராஜா.

"அங்க யாரு சாமி இருக்கா?" என்றாள் அவள். "எம் புள்ளைக்குப் பாதி அழுகைதான் அழுதேன். மீதியை அழுதுட்டுப் போறேன்."

தாண்டவப்பன் சால்வையைத் தரையில் விரித்தான். அவள் அதை ஒதுக்கிவிட்டு வெறுந்தரையில் உட்கார்ந்து தலைமுடியை அவிழ்த்தாள். மாரில் அறைந்துகொண்டு மகளின் பெயரைச் சொன்னாள். பிறகு தண்ணீரில் போன ஒவ்வொருவர் பெயரையும் சொன்னாள். மண்டபத்தைச் சொன்னாள். யார் கட்டச் சொன்னது என்பதையும் சொன்னாள். பிரதானி உளியை வைத்துவிட்டுப் பேச வாயெடுத்தார். ராஜா கையைக் காட்டி அவரை அடக்கினான்.

இந்த மாதிரிக் கதைகளில் ராஜா சிரிப்பதோடு முடித்துவிடுவார்கள். இந்த ராஜா சிரித்து முடித்தது அதற்கு முன்னால். சிம்மாசனம் பக்கத்திலேயே இருந்தது. அவள் அழுது ஓயும்வரை அவன் அதில் உட்காரவில்லை.