குன்றுக்குப் பின்னால் நின்ற கொடிக்காரன்

முன்னொரு காலத்தில், நிஜச் சண்டை இல்லாமல் கை நமநமத்துப்போன ராஜா ஒருவர் இருந்தார். பெயர் சேந்தவர்மன். பொழுது போகவேண்டுமே! பெரிய பலகையில் களிமண் குன்றுகளை எழுப்பி, மரப்பொம்மைச் சேனைகளை நிறுத்திப் போர் நடத்த ஆரம்பித்துவிட்டார்.

ஆளுக்கொரு மந்திரவாதிப் பொம்மை உண்டு. அது தன் கண்ணிலிருந்து ஒரு முழத்துக்குள், தன் கண்ணுக்குத் தெரிகிற பகைவனை மட்டுமே எரிக்கலாம். தெரிகிறதா என்று பார்க்க, ஆடுகிறவர் பலகையில் மோவாயை வைத்துப் பொம்மையின் பின்னாலிருந்து பார்க்கவேண்டும். ராஜா மட்டும் குனியமாட்டார். மகுடம் தரித்தவர் அல்லவா! நின்றபடியே எல்லாரையும் பார்த்தார், எல்லாரையும் எரித்தார். தன்னை ஜெயிப்பவர் கேட்டதைத் தருவதாகப் பறை வேறு அறைவித்தார்.

அதைக் கேட்டுச் செங்கமலம் ஆட வந்தாள். அவள் புருஷன் மாடக்கண்ணு எல்லைக் காவலன். குன்றுக்குப் பின்னால் பதுங்கி வந்த கள்வர்களைக் கவனிக்கவில்லை என்று சிறையில் கிடந்தான். "கோபுரத்திலிருந்த எனக்கே தெரிந்தது, உனக்குத் தெரியவில்லையா?" என்று ராஜா அவனை அடைத்திருந்தார், பாவம்.

ஆட்டம் முடியும் தறுவாயில் அவளிடம் மிஞ்சியது ஒரு கொடிக்காரன். குன்றுக்குப் பின்னால் நின்றான். அடுத்த முறை கொடியை நட்டால் அவள் ஜெயித்துவிடுவாள்.

"எரிந்தான்!" என்றார் ராஜா.

"மகாராஜா, குன்று மறைக்கிறதே!" என்றாள் செங்கமலம்.

ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த விகடகவி கூத்தப்பனைக் கண்டாலே தளவாய் கொடுமுடியாருக்கு வயிறு எரியும். "கூத்தப்பனே தீர்ப்புச் சொல்லட்டும். மன்னர் கண்ணுக்குத் தெரியாதது உண்டா?" என்றார். உண்டு என்றால் இவன் தலை போகும். இல்லை என்றால் அந்தப் பெண்ணின் வாழ்வு போகும்.

"மன்னர் கண்ணுக்கு எல்லாம் தெரியும்," என்றான் கூத்தப்பன். "ஆகவே இன்று மன்னரின் திருக்கண்ணே மந்திரவாதியின் கண். முழத்தையும் அங்கிருந்தே போடுவோம்."

முக்காலிமேல் ஏறி, ராஜாவின் கண்ணருகே முழங்கையை வைத்துக் கையைக் கீழே நீட்டினான். "மந்திரம் தங்கள் மார்புப் பதக்கத்தோடு நின்றுவிட்டது, மகாராஜா!"

தளவாய் பதறினார். "மன்னர் சற்றே குனிந்தால்..."

"தாராளமாக!" கூத்தப்பன் மகுடத்தைப் பணிவோடு வாங்கிக்கொண்டான்.

ராஜா பலகையில் மோவாயை வைத்தார். வெகுநேரம் எழவில்லை.

"அடேயப்பா, எவ்வளவு பெரிய குன்று! கொடியின் நுனிகூடத் தெரியவில்லை. மாடக்கண்ணு இப்படித்தான் நின்றிருப்பானோ, அம்மா?"

"ஆமாம், மகாராஜா. அவருக்குக் கோபுரம் ஏது?"

ராஜாவின் முகம் வாடியது. "தவறு என்னுடையது. அவனை இப்போதே விடுவியுங்கள்," என்றார். செங்கமலம் கும்பிடவும் மறந்து சிறைப்பக்கம் ஓடினாள்.

மோவாயில் களிமண்ணோடு நிமிர்ந்த ராஜா, மகுடத்தைப் பிடித்தபடி நின்ற கூத்தப்பனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். பதக்கத்தைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டினார்.

"தீ மந்திரம் பட்ட பதக்கம். இனி எனக்கு ஆகாது, நீயே வைத்துக்கொள்!"