பளபளத்த செய்வினைத் தகடு

ஏவுகணைக்குப் பாகம் வடிவமைத்த பொறியாளர் ஞானவரதன், மகளின் கல்யாணம் தட்டிப்போவது செய்வினையால்தான் என்று மாந்திரீகரை அழைத்தார். வந்த மாந்திரீகர் தோட்டத்தைத் தோண்டி ஒரு செப்புத் தகட்டை எடுத்தார்.

“மூணு வருஷமா புதைஞ்சு கிடக்கு. வச்சவ இவதான்,” என்று பாத்திரம் தேய்க்கும் செவத்தம்மாளைக் காட்டினார்.

“சூனியக்காரிக்கு இந்தத் தெருவிலேயே இனி வேலை கிடையாது,” என்றார் பொறியாளர்.

செவத்தம்மாள் தகட்டைத் திருப்பிப் பார்த்தாள். “உங்க வீட்டுச் செப்புக்குடம் புளி போட்டுத் தேய்ச்ச நாலே நாள்ல கறுத்துப்போகுது. இது மூணு வருஷம் மண்ணுல கிடந்தும் முகம் தெரியுது. அந்த மந்திரத்தை எனக்கும் சொல்லுங்க சாமி, புளியாவது மிச்சமாகும்.”

மாந்திரீகர் பதறி எழுந்தபோது அவர் பையிலிருந்து மேலும் நான்கு புதுத் தகடுகள் கொட்டின.

பொறியாளர் மன்னிப்புக் கேட்கவில்லை. “அப்போ நிஜமான செய்வினை எங்கே இருக்கு சாமி?” என்று மாந்திரீகரிடமே கேட்டார்.

“உங்க தலைக்குள்ளதான் ஐயா,” என்று சொல்லிவிட்டு, செவத்தம்மாள் அடுத்த வீட்டு வேலைக்குப் போனாள்.