பந்தி ஐயாவின் சட்டம்

சுரைக்காமலை அடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. சோறு போடுகிற மடம். பல்லக்கு, பட்டாடை, பாதபூஜை எதுவும் அங்கே கிடையாது. வடிவம்மை என்கிற அம்மாள்தான் அதற்குத் தலைமை. பஞ்சாலையில் நூல் ஓட்டிக்கொண்டிருந்தவள், ஒருநாள் அதை விட்டுவிட்டு இங்கே வந்து அடுப்பு மூட்டினாள். எல்லாருக்கும் அவள் தாயி.

தாயிக்கு வயது ஐம்பது. அவளுடைய சீடர்களில் மூத்தவரான பந்தி ஐயாவுக்கு எழுபது. குருவைவிடச் சீடனுக்கு இருபது வயது கூட என்றால் ஊர் சிரிக்காதா? சிரித்தது. சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்து சாப்பிட்டது.

ஐயாவுக்கு வேறு பேர் ஒன்று இருந்திருக்க வேண்டும், யாரும் கேட்டதில்லை. பந்தி விசாரிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால் அதுவே பேராகிவிட்டது. இலையைப் பார்த்தே யாருக்கு இன்னும் பசி, யாருக்குக் கேட்க வெட்கம் என்று சொல்லிவிடுவார். தங்கமான மனுஷன்தான். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் முரட்டுப் பிடிவாதம். பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கிறவரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. ஒருத்தன் பாதியில் எழுந்தால் பக்கத்தில் இருப்பவன் கூச்சப்பட்டு அரை வயிற்றோடு எழுந்துவிடுவான் என்பார்.

ஒருதடவை தாசில்தார் ஒருவர், அவசர ஜோலி இருக்கிறதென்று எழப் பார்த்தார். ஐயா அவர் தோளில் கையை வைத்து அமுக்கி உட்கார வைத்துவிட்டார். பக்கத்து இலையில் இன்னும் கை இருக்கிறது சார் என்றார். தாசில்தார் மறுபேச்சுப் பேசாமல் இன்னொரு கை மோர் வாங்கிக் குடித்தார்.

அப்படியிருக்கையில் ஒருநாள் காலை, காய் நறுக்குகிற இடத்துக்கு ஒரு செய்தித்தாள் வந்து சேர்ந்தது. அதில் முத்திருளனைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தார்கள்.

முத்திருளனைத் தெரியாதவர்கள் அந்தச் சீமையில் இல்லை. முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னே மலைப்பாதையில் வண்டிகளை மறித்துக் கொள்ளையடித்தவன். பிடிக்க வந்த போலீஸ் ஏட்டு ஒருவரை ஓடைக்கரையில் குத்திச் சாய்த்துவிட்டு மாயமாகிவிட்டான். பிறகு அவன் மேல் பாட்டுக் கட்டி, கோயில் கொடைத் திருவிழாதோறும் பாடினார்கள். பாட்டில் அவன் ஒரே தாவில் ஓடையைத் தாண்டுவான், பட்டாளத்தின் கண்ணில் மண்ணைத் தூவுவான். இலங்கையில் கடை வைத்திருக்கிறான் என்றார்கள். புலி அடித்துவிட்டது என்றார்கள். கீரை விற்கிற செல்லக்கனி, பழனியில் மொட்டைத் தலையோடு அவனைப் பார்த்ததாகச் சத்தியமே பண்ணுவாள்.

காய் நறுக்கியவர்கள் ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி, இனிமேல் அந்தக் கிழவனைப் பிடித்து என்ன ஆகப்போகிறது என்றார் ஒருவர். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும் என்றாள் செல்லக்கனி. வயசாகிவிட்டால் செய்ததெல்லாம் இல்லை என்றாகிவிடுமா என்று மேலும் கேட்டாள். பந்தி ஐயா நறுக்கிய பூசணித் துண்டுகள் அன்றைக்கு ஒன்று மலையும் ஒன்று மடுவுமாக இருந்தன.

பிறகு அவர் அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார். தாயி அங்கே கிணற்றடியில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தாயி, முத்திருளன் நான்தான்."

அண்டா தேய்க்கிற கை நிற்கவில்லை.

"அந்தச் சாம்பலைக் கொஞ்சம் தள்ளி வைங்க, ஐயா."

தள்ளி வைத்தார். வானம் இடிந்து விழும் என்று நினைத்து வந்தவருக்கு, அது விழாதது இன்னும் கஷ்டமாக இருந்தது. எல்லாவற்றையும் கொட்டினார். கல்குவாரியிலும் உப்பளத்திலும் வேறு வேறு பேரில் ஒளிந்து திரிந்ததைச் சொன்னார். இந்த மடத்துக்கு வந்து பதினெட்டு வருஷமாக ஒரு எறும்பைக்கூட மிதித்ததில்லை என்றார். அன்றைக்குக் கத்தி எடுத்தவன் இன்றைக்கு இல்லவே இல்லை, செத்துப்போய்விட்டான் என்றார். கோர்ட்டு, கச்சேரி, ஜெயில் என்று போனால் இந்த வயசில் திரும்பி வரமுடியாது, அங்கேயே சாகவேண்டியதுதான் என்றார்.

"பயமா இருக்கு, தாயி."

"இருக்கும்," என்றாள் தாயி. "பேப்பர்ல என்ன போட்டிருக்கு? படிங்க."

படித்தார். செத்துப்போன ஏட்டின் பேர் தங்கப்பழம். அன்று காலைவரைக்கும் அந்தப் பேர் அவருக்குத் தெரியாது. பாட்டில் முத்திருளன் பேர் நூறு தடவை வரும், ஏட்டின் பேர் ஒரு தடவைகூட வராது. ஏட்டின் மகள் பொன்செல்விக்கு அப்போது ஏழு வயது. இப்போது தையல்கடை வைத்திருக்கிறாள். அவள் சொன்னதை அப்படியே அச்சில் போட்டிருந்தார்கள். அவனைத் தூக்கில் போடவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்பா உயிர் போகும்போது பக்கத்தில் இருந்தது அவன் ஒருத்தன்தான். அப்பா ஏதாவது சொன்னாரா என்று கேட்டுக் கேட்டே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவன் சபையில் வந்து நின்று, செய்ததை நான்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டு, அதையும் சொல்லட்டும்.

"சொன்னாரா?" என்று கேட்டாள் தாயி.

"சொன்னாரு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு..."

தாயி சாம்பல் படிந்த கையை உயர்த்தித் தடுத்தாள்.

"அது எனக்குச் சொன்ன சொல்லா, ஐயா?"

ஐயா வாயை மூடிக்கொண்டார். அப்புறம், இத்தனை வருஷம் கழித்து நான் போகத்தான் வேண்டுமா, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், போ என்றால் போகிறேன், இரு என்றால் இருக்கிறேன் என்று கெஞ்சினார்.

"இன்னிக்கு நீங்க விசாரிக்க வேண்டாம். பந்தியில உக்காந்து சாப்பிடுங்க," என்றாள் தாயி. அண்டாவைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் கேட்டது என்ன, இவள் சொல்வது என்ன என்று ஐயாவுக்கு எரிச்சல்கூட வந்தது. இருந்தாலும் குரு சொல்லியாயிற்று. மத்தியானம் முதல் பந்தியில், வரிசையின் கோடியில் போய் உட்கார்ந்தார்.

அவர் பக்கத்து இலையில் ஒரு வழிப்போக்கர். வாதம் வந்து தேறியவர், வலது கை நடுங்கிக்கொண்டே இருந்தது. ஒரு கவளம் எடுத்தால் பாதி வாய்க்கும் பாதி இலைக்குமாகப் போகும். ஐயா பேருக்குக் கொஞ்சம் சாப்பிட்டு வழித்துவிட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக முடித்தார்கள். வழிப்போக்கர் அப்போதுதான் ரசத்துக்கு வந்திருந்தார்.

எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஐயாவின் சட்டம் தெரியாதவர்கள் யார்? வெளியே இரண்டாம் பந்திக்கு ஆட்கள் காத்து நின்றார்கள். ஐயாவுக்கு முழங்கால் கடுத்தது. விரலில் ஒட்டிய சோற்றுப்பசை காய்ந்து தோலை இழுத்தது. எச்சில் கையை எதிலும் வைக்க முடியாமல் மடிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் எத்தனையோ பேரை இப்படி உட்கார வைத்திருக்கிறார், உட்கார்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை.

வழிப்போக்கருக்கு வெட்கமாகிவிட்டது. மீதிச் சோற்றோடு இலையை மூடப்போனார். ஐயா இடது கையால் அதைத் தடுத்தார்.

"நிதானமாச் சாப்பிடுங்க. இங்க யாருக்கும் அவசரமில்லை," என்று சொல்லிவிட்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துத் தாயி எதிரே வந்து நின்றாள்.

"உங்க இலை எப்பவோ காலியாயிட்டுதே, ஐயா. எழுந்திருங்க. வெளியே ஆள் நிக்குது."

ஐயாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதினெட்டு வருஷத்தில் குருவிடம் அவர் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"என் இலை காலியானா பந்தி முடிஞ்சிருமா, தாயி? இவரு கை இன்னும் இலையிலதானே இருக்கு."

சொல்லிவிட்டார். சொன்னபிறகு, தூக்கிப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். அந்தக் கையைத்தான் அந்த ஏட்டு பிடித்துக்கொண்டிருந்தார். தாயி அங்கேயே நின்றாள்.

வழிப்போக்கர் மோர் குடித்து, ஏப்பம் விட்டு, இலையை மூடினார். பந்தி எழுந்தது. கை கழுவுகிற இடத்தில் சலசலவென்று சத்தம் கேட்டது. ஐயா மட்டும் எழவில்லை. கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைக்கவும் இல்லை.

வெகுநேரம் கழித்து, பொன்செல்வி ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டார். மூன்று மணிக்கு என்றாள் தாயி. போலீஸ் ஸ்டேஷன் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரேதான் இருக்கிறது என்றும் சொன்னாள்.

"முப்பத்து நாலு வருஷம் ஆச்சே, தாயி. இன்னுமா அந்தப் பொண்ணு உக்காந்திருக்கும்?"

தாயி கை கழுவ ஒரு செம்புத் தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"கை காஞ்சு போய் உக்காந்திருக்கு, ஐயா. எழுந்து போனது நீங்க ஒருத்தர்தான்."