மாடிக்கு ஏறிய நாலு பேர்

காரைக்கால் கடைவீதியில் இருபது வருஷமாகத் தைத்துப் பிழைக்கும் பிலோமினாவை, கடையைக் காலி பண்ணச் சொன்னார் கட்டடத்துக்காரர் தெய்வசிகாமணி. இது எந்த ஊர் நியாயம்? அந்தப் பழைய கட்டடம் அரசின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்ந்தால் சொத்து வரியில் சலுகை உண்டு; ஆனால் இடிக்க முடியாது. அவருக்கோ இடித்துவிட்டு வணிக வளாகம் கட்ட ஆசை.

அந்தப் பட்டியலுக்காகக் கணக்கெடுக்க வந்த அதிகாரியிடம் சவாலே விட்டார்: "தும்மினா விழுந்துடும் சார்! மாடிக்கு ஏறத் தைரியமுள்ள ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க, இடிக்கிற பேச்சையே விட்டுடறேன்."

பிலோமினா ஊசியில் நூலைக் கோத்தபடி, "யாரும் ஏற வேணாம் சார். ஆனா, கட்டின வருஷம் பொறிச்ச கல்லு மேல இருக்குன்னு ஒரு பேச்சு" என்றாள்.

அவ்வளவுதான். கட்டடத்தின் வயதுக்குச் சாட்சியான அதை அதிகாரி பார்ப்பதற்குள் சுரண்டிவிட வேண்டுமென்று, கூட வந்த மூன்று அடியாட்களோடு தடதடவென மாடிக்கு ஓடினார் தெய்வசிகாமணி. சுவரையெல்லாம் தட்டி, தரையையெல்லாம் மிதித்துத் தேடிவிட்டு, வியர்க்க விறுவிறுக்க இறங்கி வந்து கத்தினார்: "ஏய், மேல கல்லும் இல்ல, மண்ணும் இல்ல!"

"இல்லாட்டிப் போகுது முதலாளி. ஏற ஒரு ஆளைக் கேட்டீங்க, நாலு பேரா ஏறி இறங்கிட்டீங்க. கட்டடம் ஒரு தும்மல்கூடப் போடலையே!"