ராஜாவுக்கு முதுகு காட்டாத பலகைகள்

ராஜா காலத்தில் சோலார் ஏது என்று யாரும் குறுக்கே பேசக் கூடாது. கதைக்குக் கால் உண்டா என்ன? வேம்பனூர் அரண்மனை மொட்டை மாடியில் சோலார் பலகைகள் இருந்தன. வாங்கி வைக்கச் சொன்னவன் அவையிலிருந்த கூத்தரசன். வாய்த்துடுக்கு ஜாஸ்தி, ஆனால் நல்ல மனுஷன்.

சித்திரையில் விளக்கெல்லாம் ஜகஜ்ஜோதியாக எரிந்தது. மார்கழி வந்ததும் அழுது வடிந்தது. அந்த மங்கல் வெளிச்சத்தில் ராத்திரி சாப்பிட உட்கார்ந்த ராஜா, அவரைக்காய் என்று நினைத்துப் பச்சை மிளகாயைக் கடித்துவிட்டார். போதாதா?

"கூத்தரசா! நாளைச் சாப்பாட்டு வேளைக்கு விளக்கு பளிச்சென்று எரிய வேண்டும். இல்லையென்றால் பெண்டாட்டி பிள்ளையோடு நாட்டை விட்டுக் கிளம்பு!"

"பலகையெல்லாம் குளிரில் விறைத்துவிட்டது மகாராஜா. மட்டமான சரக்கு," என்று எடுத்துக் கொடுத்தார் மந்திரி பெத்தபெருமாள். கூத்தரசனைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

விடிந்ததும் கூத்தரசன் மாடிக்கு ஓடினான். குளிர் பலகைக்கு நல்லதுதான், வெயில் விழாவிட்டால்தான் வம்பு என்று அவனுக்குத் தெரியும். பார்த்தால், அடப்பாவமே! சூரியன் தெற்கே தாழ்வாக வருகிறான். பலகைகள் அத்தனையும் வடக்கே பார்த்துச் சாய்ந்திருக்கின்றன!

"யாரப்பா திருப்பியது?" என்று காவல்காரனைக் கேட்டான்.

"மந்திரி உத்தரவுங்க. ராஜா வடக்கு மாடத்தில் உட்காருகிறாரே, அவருக்கு யாரும் முதுகு காட்டக் கூடாதாம். பலகையும் கூடத்தானாம்."

சித்திரையில் சூரியன் உச்சியில் நின்றதால் வித்தியாசம் தெரியவில்லை. இப்போது என்ன செய்வது? அந்த மரியாதை ராஜாவுக்கு உயிர். பலகையைத் திருப்பினால் தலை போகும். திருப்பாவிட்டால் நாடு போகும்.

கூத்தரசன் நேரே ராஜாவிடம் போனான். "மகாராஜா, தெற்கு மாடத்தில் இளவெயில் சுகமாக இருக்கிறது. சுக்குக் காபியும் போட்டாச்சு."

ராஜா சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். உடனே கூத்தரசன் போட்டான் ஒரு கூச்சல்.

"ஐயையோ மந்திரியாரே! பலகையெல்லாம் மகாராஜாவுக்கு முதுகு காட்டுகிறதே!"

மந்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அலறி அடித்துக்கொண்டு தன் கையாலேயே எல்லாவற்றையும் தெற்கே திருப்பிவிட்டார்.

அன்று சாப்பாட்டு வேளையில் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. மார்கழிப் பகல் குட்டையல்லவா, சேர்ந்த மின்சாரம் கொஞ்சம்தான்; சீக்கிரமே அணைந்தும் போயின. அதற்குள் ராஜா மிளகாயைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டுத் திருப்தியாகச் சாப்பிட்டு முடித்திருந்தார்.

"எப்படியப்பா சாதித்தாய்?" என்றார். கூத்தரசன் நடந்ததைச் சொன்னான். ராஜாவின் மீசை துடித்தது.

"அப்படியென்றால் அதுகள் என்னைப் பார்க்கவில்லையா? என் பின்னால் இருந்த சூரியனைத்தான் பார்த்ததா?"

"மகாராஜா, அதுகளுக்குச் சோறு போடுவது சூரியன். கும்பிடு கேட்பது நீங்கள். இரண்டு பேரும் ஒரே பக்கம் இருந்தால்தானே பாவம் அதுகள் பிழைக்கும்!"

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சால்வையைக் கழற்றிக் கூத்தரசனுக்குப் போர்த்தினார். தினமும் காலையில் பலகைமேல் பனித்துளி துடைக்கும் வேலையை மந்திரிக்குக் கொடுத்தார்.

"அது சரி, நீ யாரைப் பார்க்கிறாய்?"

"எனக்குச் சோறு போடுவதும் நீங்கள், கும்பிடு கேட்பதும் நீங்கள் மகாராஜா. அதனால்தான் கழுத்து சுளுக்காமல் பிழைக்கிறேன்!"